பதினேழு டிகிரி

புதுவயலில் நெல் அவிக்கிற வாடை
நான் இறங்குவதற்குள் பஸ்ஸில் ஏறிவிட்டது.
ஓடாத மில்லின் ஷட்டரை ஜகுபர் பாதிக்குத் தூக்கினான்.
உள்ளே நாற்பது பெட்டிகள்
ஒரே எழுத்தை விடாமல் உச்சரித்துக்கொண்டிருந்தன.
உயிரா மெய்யா தெரியவில்லை.
காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன்.

"ஒன்பதாம் நம்பர் எண்பத்து மூணு, மேரி"
என்றார் நாச்சியப்பன், போனைப் பார்த்தபடி.
காய்ச்சல்காரப் பிள்ளையைச் சொல்வதுபோல் இல்லை,
தவணை தப்பியவனைச் சொல்வதுபோல.

அவிழ்த்தேன்.
விசிறி இதழ்களில் பக்கத்து மில்லின் உமித்தூள்
கம்பளியாய்ப் படிந்திருந்தது.
பலகைக்கு அறுபத்து மூன்று சில்லு.
"அறுபத்து மூவர்" என்றான் ஜகுபர்.
சிரித்தோம்,
அந்தப் பட்டியலில் எங்கள் இருவருக்கும் ஆள் கிடையாது.
வரிசையில் ஒருவர் வாயை மூடினால்
பின்னால் நிற்கிற எவருக்கும் சேதி போகாது.

ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு அலுமினியச் சீப்பு.
இருபத்தேழாவது கழன்று விழுந்து
அடுத்ததன் கால்மாட்டில் கிடந்தது.
இன்னும் ஒரு நூல் நகர்ந்திருந்தால்
பலகையே கரி.
"அதை மட்டும் ஒட்டிடு, போதும்."
போதாது என்றேன்.
மற்றதும் விழப்போகிறவைதான்,
தேதி மட்டும் தெரியாது.

சூட்டுத் துப்பாக்கியை நூற்றைம்பதில் வைத்துத்
திருக வேண்டும், இழுக்கக் கூடாது.
இழுத்தால் சில்லும் கூடவே வரும்,
பல்லோடு ஈறு வருவதுபோல.

அடியில் பழைய பசை பசையாக இல்லை.
சாம்பல் புதனுக்கு மறுநாள்
நெற்றியில் மிச்சமிருக்குமே, அது.
ஸ்பிரிட்டும் பல் துலக்கும் பிரஷுமாகத் தேய்த்தேன்.
தேய்க்கத் தேய்க்க
சில்லின் முகத்தில் என் மூக்கு தெரிந்தது.

சின்னச் சீப்புக்கு வெள்ளை டியூப், அது ஒட்டும்.
அடியில் கிடக்கும் பெரிய தகட்டுக்குச் சாம்பல் டியூப், ஒட்டாது.
ஒருமுறை மாற்றிப் போட்டு
இரண்டாயிரம் கைக்காசு கட்டியிருக்கிறேன்.
அளவு, உடைத்த துவரம்பருப்பில் பாதி.
கூடினால் வழியும்,
குறைந்தால் நடுவில் காற்று குடியேறும்.
காற்றுக்குச் சூட்டைக் கைமாற்றத் தெரியாது.
பசைக்கு ஒரே வேலை,
காற்று நிற்கும் இடத்தில் தான் நிற்பது.

இறுக இரண்டு மணி நேரம்.
ஜகுபர் வாங்கிவந்த புரோட்டாவில் ஸ்பிரிட் வாசம்.
என் விரல்தான்.
பின்பக்கம் போனேன்.
பங்குனி வெயில் களத்தைக் கல்லாக்கியிருந்தது.
பெட்டிகளின் மூச்செல்லாம் வெளியே வரும்
சுவர் ஓட்டைக்கு நேரே
நிழல் பார்த்து
சாக்கை விரித்து
யாரோ மிளகாய் காயவைத்திருந்தார்கள்.
கணக்குப் போட்டு நாணயம் தோண்டுகிற சூட்டில்
தும்மல் வருமளவு காரம்.

மாட்டினேன். ஆன் செய்தேன்.
முதலில் பச்சை விளக்கு சிமிட்டவில்லை.
வேளாங்கண்ணி மாதாவை நினைத்தேன்,
பிறகு கேபிளைச் சரியாகச் செருகினேன்.
எழுபது, அறுபத்தெட்டு,
அறுபத்தாறில் நின்றது.
பதினேழு டிகிரி!
என் வாழ்வில் எதையும்
இத்தனை திட்டமாகக் குறைத்ததில்லை.
கடனை இல்லை,
எடையை இல்லை.

நாச்சியப்பன் முகம் மலர்ந்தது.
"அப்ப இடம் இருக்கு" என்றார்.
கட்டைவிரலால் போனில் எதையோ மேலே தள்ளினார்.
விசிறி ஒரு சுருதி கூடியது.
அறுபத்தொன்பது.
எழுபத்தைந்து.
நான் ஸ்க்ரூ டிரைவர்களை உறையில் போடுவதற்குள்
எண்பத்து மூன்று.

கோபப்பட என்ன இருக்கிறது,
அவர் பெட்டி, அவர் மின்சாரம்.
ஆயிரத்து இருநூறு கேட்டேன்,
ஆயிரத்து நூறு டிங் என்று வந்தது.

சைக்கிள் நிறுத்திய இடத்தில்
பஞ்சவர்ணம் என்று ஒரு பெண்
சாக்கருகே குந்தி
மிளகாயைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.
ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தாள்,
விதை சலசலத்தது.
"காலையில விட இப்ப
சுருக்கா காயுதே,
உள்ள என்னத்த மாத்துனீங்க?"

நகக்கண்ணில் சாம்பல் பசை.
"பசை" என்றேன்.
"அரிசி மாவா?" என்றாள்.